தவளைப் பச்சை

ஜூன் 4

அண்ணிக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும், என்றைக்காவது படித்துத்தானே ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் முழுக்க என் பண்ணையில் மீன் குஞ்சுகள் செத்து மிதந்தன. விரல் நீளக் குஞ்சுகள். ஏரிக்காரர்களுக்கும் குளத்துக்காரர்களுக்கும் விற்பதற்குத் தயாராக இருந்தவை. முதலில் நோய் என்று நினைத்தேன். தண்ணீரைச் சோதித்தேன், உப்புப் போட்டுப் பார்த்தேன், தீவனத்தைக் குறைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வயிறு உப்பியிருக்கிறது, முதுகு எலும்பாக இருக்கிறது. நன்றாகச் சாப்பிட்ட மாதிரியும் தெரிகிறது, பட்டினி கிடந்த மாதிரியும் தெரிகிறது. கடைசியில் பிளேடால் ஒன்றை அறுத்தேன். குடலுக்குள் பிளாஸ்டிக் துணுக்குகள். அடுத்ததிலும் அதே. ஒரு தட்டு நிறைய அறுத்து வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி, அது பச்சை. எந்தப் பச்சை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பட்டறையில் குதிக்கும் தவளை பொம்மைக்கு அண்ணன் தானே கலந்து எடுக்கிற பச்சை. கடையில் கிடைக்கிற எந்தப் பச்சையும் பிடிக்காமல், நீலத்தில் ஒரு சிட்டிகை, மஞ்சளில் ஒரு சிட்டிகை என்று கூட்டிக் குறைத்து அவர் கண்டுபிடித்தது. அதற்குத் தவளைப் பச்சை என்று பெயர் வைத்துச் சிரித்தது நாம் மூன்று பேரும்தான். வேறு எந்தப் பட்டறையிலும் அந்த நிறம் கிடையாது.

உங்கள் பின்சுவரை ஒட்டி ஓடும் வாய்க்கால்தான் இரண்டு ஊர் தாண்டி வந்து என் குளங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. சாயங்காலம் மெஷினை நிறுத்தியதும் தரையைக் குழாய் பிடித்துக் கழுவுகிறீர்கள். அச்சிலிருந்து பொம்மையோடு ஒட்டி வரும் காம்புகளை உடைத்து, அரைத்து, மறுபடி உருக்குகிறீர்கள். வீணாக்காமல் செய்கிறீர்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அரைக்கும்போது சிதறுவதை யாரும் கூட்டி அள்ளுவதில்லை. நானே பார்த்திருக்கிறேன். குழாய்த் தண்ணீரில் அதெல்லாம் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்?

கழுவுவதை நிறுத்துங்கள். கூட்டி அள்ளச் சொல்லுங்கள். இந்த மாதத்துக்குள் ஒரு பதில் வேண்டும். வராவிட்டால் நான் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு வேறு வழி தெரியவில்லை. அண்ணனிடமே நேரில் சொல்லியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது.

நாத்தனார்

*

ஜூன் 9

மீன் பண்ணை முதலாளி அம்மாவுக்கு,

மாதக் கடைசி வரை எதற்குக் காத்திருக்கிறாய், இன்றைக்கே பதில் வாங்கிக்கொள்.

என் பட்டறையிலிருந்து தண்ணீர் வெளியே போகிற ஓட்டை ஒன்றே ஒன்று. அந்த ஓட்டையில் இரும்புச் சட்டம் போட்ட வலை இருக்கிறது. உன் அண்ணன் அளவெடுத்துச் செய்தது. கடுகு தாண்டாது. உன் மீன் வயிற்றுக்குள் பச்சையாக எதையோ பார்த்தாய், உடனே அண்ணன் பட்டறை நினைவுக்கு வந்துவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் எத்தனை பட்டறை இருக்கிறது என்று தெரியுமா உனக்கு? வாளி செய்கிறவன், செருப்புக்கு அடிப்பாகம் ஊற்றுகிறவன், குழாய் போடுகிறவன் என்று வரிசையாக இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் சிவப்பிலும் மஞ்சளிலும் மட்டும்தான் வேலை செய்கிறார்களா? பச்சை என்ன உன் அண்ணன் தனக்கென்று எழுதி வாங்கிய சொத்தா?

உள்ளதைச் சொல்கிறேன், உனக்கு ஆரம்பத்திலிருந்தே எங்கள் பொம்மை பிடிக்காது. வறுவல் பாக்கெட்டுக்குள் இலவசமாகப் போடுகிற பொம்மை, பிள்ளை ஒரு நிமிஷம் விளையாடிவிட்டு எறியும், அப்புறம் அது நம் பேரன் பேத்தி காலம் வரை மண்ணில் மக்காமல் கிடக்கும் என்று என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டே எனக்குப் பாடம் எடுத்தாய். நான் வாயை மூடிக்கொண்டு உன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தேன். இன்றைக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மரத்தில் கடைந்த பொம்மை வாங்கிக் கொடுக்க வசதி உள்ளவர்கள் வாங்கிக் கொடுக்கட்டும். வறுவல் பாக்கெட்டைப் பிரித்தால்தான் பொம்மை என்று இருக்கிற பிள்ளைகளும் இந்த உலகத்தில் இருக்கிறார்கள். நான் அப்படி வளர்ந்தவள். அந்தத் தவளையின் வாலை அழுத்தி விட்டதும் அது குதித்து டம்ளருக்குள் விழுகிறது, அதற்கு ஒரு பிள்ளை எப்படிச் சிரிக்கும் என்று உன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் உனக்குத் தெரியாது. தவளைக்கு ஏது வால் என்று உன் அண்ணனைக் கேள், அச்சு வெட்டினவர் அவர்.

வறுவல் கம்பெனி அடுத்த பருவத்துக்கு யாரிடம் பொம்மை வாங்குவது என்று இந்த மாதமும் அடுத்த மாதமும்தான் முடிவு செய்கிறது. பட்டறை மேல் புகார் என்று ஒரு காகிதம் நகர்ந்தால் போதும், நமக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். பட்டறையில் இருக்கிற முப்பது பேரும் யார் வீட்டுக்குப் போவார்கள்? உன் பண்ணைக்கு மீன் பிடிக்கவா? நீ அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் யோசி. எனக்குக் கோபம் வந்தால் நாக்கு சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அரத்தை எடுத்துக்கொண்டு அச்சுத் தேய்க்கப் போய்விட்டார்.

அண்ணி

*

ஜூன் 17

அண்ணிக்கு,

புகார் கொடுத்துவிட்டேன்.

மாதக் கடைசி வரை இருப்பதாகத்தான் சொன்னேன். ஆனால் முந்தாநாள் மலையடிவாரத்து ஏரிக்காரர் வந்து என் வாசலில் ஒரு கூடையைக் கவிழ்த்தார். போன மாதம் என்னிடம் வாங்கிப் போய் விட்ட குஞ்சுகள். எல்லாம் செத்தவை. "நீங்க குடுத்ததும்மா, நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். அவர் எதிரிலேயே இரண்டை அறுத்துப் பார்த்தேன். பச்சை.

அலுவலகத்தில் இருக்கும் அம்மா நல்ல மாதிரி. மீனையும் துணுக்கையும் கண்ணாடிக் குப்பியில் எடுத்துக்கொண்டார். எந்தப் பட்டறை என்று சந்தேகப்படுகிறீர்கள் என்று கேட்டார். சொந்தக்காரர்கள் என்று சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னேன். கையெழுத்துப் போடும்போதுதான் என் பெயருக்கும் அண்ணன் பெயருக்கும் ஒரே தலைப்பெழுத்து இருப்பதைப் பார்த்துவிட்டு, உறவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீங்கள் என்னைத் திட்டி எழுதலாம், நான் படிப்பேன். அண்ணனுக்கு மட்டும் இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நாத்தனார்

*

ஜூன் 26

புகார்தாரர் அவர்களுக்கு,

உங்கள் விருப்பப்படி பட்டறை மூடப்பட்டது. சந்தோஷம்தானே?

இரண்டு பேர் வந்தார்கள், கூடவே உன் நல்ல மாதிரி அம்மா. மெஷின் எதையும் பார்க்கவில்லை. நேரே அரைவை மெஷினுக்குக் கீழே போய், சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி பச்சைத் துணுக்கை எடுத்துத் தன் குப்பிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான் விசாரணை. நிறம் ஒத்துப்போகிறதாம். வடிகால் வலையைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று நான் கூப்பிட்டேன். மேஸ்திரியும் கூப்பிட்டான், ஆனால் அவன் குரல் எழும்பவில்லை. அதை அப்புறம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டின் மேல் துணியைச் சுற்றி அரக்கு ஊற்றி முத்திரை குத்தினார்கள். மெஷினுக்குள் பாதி உருகின சரக்கு அப்படியே இறுகிக் கிடக்கிறது. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் பாதி உயிர் போய்விடும்.

உன் அண்ணன் தன் அரங்களை மட்டும் எடுத்துக்கொள்ள விடச் சொல்லிக் கேட்டார். அச்சு தேய்க்கிற அரம். அவர் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. விதியில் இடமில்லை என்றார்கள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து கையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் எதையாவது போட்டு உடைக்கலாம் என்று பார்த்தேன், எல்லாம் பிளாஸ்டிக், எதுவும் உடையவில்லை.

தினமும் காலையில் நம் ஆட்கள் வழக்கமான நேரத்துக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நிற்கிறார்கள். போகச் சொன்னாலும் போவதில்லை. பாக்கெட் போடுகிற பெண் ஒருத்தி கேட்டாள், "உங்க வீட்டு ஆளேதான் எழுதிக் குடுத்தாங்களாமே, நெஜமாம்மா?" நான் என்ன சொல்வேன், நீயே சொல்.

உனக்கு ஒரே ஒரு சவால். வாய்க்காலிலிருந்து உன் குளத்துக்குத் தண்ணீர் வருகிற வாயில் பொடிக்கண் வலை ஒன்றைக் கட்டு. ஒரு வாரம் விடு. என் பட்டறைத் துணுக்கு அந்த வழியாக வந்தால் வலையில் விழட்டும். மூடின பட்டறையிலிருந்து வராது என்று சாக்கு சொல்லாதே, மூடுவதற்கு முன்னால் விட்டது வாய்க்கால் மண்ணில் தங்கியிருக்கும், அது வருமே. விழுந்தால் நான் உன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். விழாவிட்டால் நீ என்ன செய்வாய் என்பதையும் எழுது.

அண்ணி என்று எழுதக் கை வரவில்லை

*

ஜூலை 6

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி வலை கட்டினேன். மதகுக்குக் கீழே, இரண்டு கழி நட்டு, கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டினேன். பண்ணைக் காவலர் பகலில் பார்த்துக்கொண்டார், காலையிலும் மாலையிலும் நான் அள்ளினேன்.

என்னென்ன வந்தது என்று எழுதுகிறேன். சக்கரம் போன கார்கள். கண் போன கரடி. ஒரு பொம்மையின் கை மட்டும், விரல்களெல்லாம் ஒழுங்காக. ஊதலின் வாய், கிலுகிலுப்பையின் பாதி, சமையல் சாமான் செட்டில் இருக்கும் குட்டிக் கரண்டிகள், பாட்டரி கசிந்து துருப்பிடித்த துப்பாக்கி. உங்கள் தவளைகளும் வந்தன அண்ணி, ஒரு வாளி நிறைய. சிலது வெயிலில் வெளுத்து மீன் செதில் மாதிரி நொறுங்குகிறது. எடுத்து அழுத்தினேன், குதிக்கவில்லை, விரலிலேயே தூளாகிவிட்டது. அந்தத் தூளும் தண்ணீரில்தான் போகிறது. பிள்ளைகள் சிரித்துவிட்டு எறிந்தது எங்கே வருகிறது என்று ஒருநாள் இங்கே வந்து நின்று பாருங்கள். என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம்.

எல்லாவற்றையும் கரையில் பரப்பிக் காய வைத்திருக்கிறேன். வழியில் போகிறவர்கள் கடை போட்டிருக்கிறேன் என்று நினைத்து விலை கேட்கிறார்கள்.

அண்ணன் சாப்பிடுகிறாரா? அவருடைய அரங்களுக்காக அலுவலகத்தில் பேசிப் பார்க்கிறேன்.

நாத்தனார்

*

ஜூலை 11

கெட்டிக்காரிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கரடிக்குக் கண் இல்லை என்று எழுதியிருக்கிறாய், பொம்மைக் கைக்கு விரல் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டது துணுக்கு. அதைப் பற்றி ஒரு வரி இல்லையே. வந்திருந்தால் முதல் வரியில் அதைத்தானே எழுதியிருப்பாய்? என் காதில் பூச்சுற்றாதே.

இனிமேல் நான் சொல்வதைக் கவனமாகப் படி.

உன் கடிதத்தை அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வலை, காவலர், வாளி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் இரண்டு வாரத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அவ தீவனத்த எதுல போட்டு வெச்சிருக்கா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும், ஏதாவது சாக்கில் வைத்திருப்பாள் என்றேன். சொல்லி முடித்ததும்தான் எனக்கே மண்டையில் உறைத்தது.

எழுந்து நம் வீட்டுக் கொட்டகைக்குப் போனார். உனக்கு அடுத்த லாரியில் அனுப்புவதற்காகக் காலிச் சாக்குகளை மடித்துக் கட்டி வைத்திருந்தாரே, அந்தக் கட்டைப் பிரித்தார். அரைத்த துணுக்கு வைத்திருந்த சாக்குகள். ஒன்றை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அடித்தையலைச் சுவரில் ஓங்கி அடித்தார். தையல் மடிப்பிலிருந்து பச்சை பொலபொலவென்று கொட்டியது. இன்னொன்றை எடுத்து அடித்தார். கட்டு முடியும் வரை அடித்தார். நான் தடுக்கவில்லை. அப்புறம் அந்தக் கொட்டினதின் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டு, "நான் குடுத்ததுதான்" என்றார்.

கனமான சாக்கு, எலி கடிக்காது, தங்கச்சி தீவனம் வைக்க நன்றாக இருக்கும் என்று சாக்கு வியாபாரிக்குக் கூடக் கொடுக்காமல் வருஷக்கணக்காக உனக்கு அனுப்பினார். நான் அதற்கு முணுமுணுக்காத நாள் இல்லை. அந்தச் சாக்கிலிருந்து நீ அள்ளி அள்ளிப் போட்டாய், தீவனமும் துணுக்கும் ஒரே அளவு, மீன் இரண்டையும் விழுங்கிற்று. என் வடிகாலும் இல்லை, வாய்க்காலும் இல்லை. உன் கையால் நீ ஊட்டினது.

இது உனக்கு முன்பே தெரியும் என்று உன் கடிதத்தின் அமைதியைப் பார்த்தாலே தெரிகிறது. தெரிந்துகொண்டு, என் பட்டறைக் கதவில் அரக்கு காய்வதைப் பார்த்துக்கொண்டு, நீ கரையில் பொம்மை காயப் போட்டுக்கொண்டிருந்தாய்.

இது வெளியே வந்தால் உன் பண்ணைக்கு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். உன் குஞ்சுகள் போகாத ஏரி இந்தப் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். அலுவலகத்துக்கு நீயாகப் போய்ச் சொல்கிறாயா, நான் போய்ச் சொல்லட்டுமா? வறுவல் கம்பெனிக்காரர் மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்கிறார்.

அண்ணி

*

ஜூலை 16

அண்ணிக்கு,

போய்ச் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் கிடைப்பதற்கு முன்பே போய்விட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருந்தது. இல்லை, கிடைத்த பிறகுதான் போனேன்.

எனக்குத் தெரிந்தது வலை கட்டின மூன்றாவது நாள். கொட்டகைக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு ஆழ்குழாய்த் தண்ணீர் மட்டும்தான். வாய்க்கால் தண்ணீர் ஒரு சொட்டு அங்கே போகாது. அந்தத் தொட்டியிலும் குஞ்சு செத்துக் கிடந்தது. அறுத்தேன், பச்சை. தண்ணீரில் வரவில்லை என்றால் வேறு எதில் வரும்? நேரே தீவன அறைக்குப் போனேன். சாக்கின் அடியில் கையை விட்டு அளைந்தேன். நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அன்று முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொன்னால் பண்ணையின் உரிமம் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அத்தனை ஏரியிலும் அதைக் கொண்டுபோய் விட்டது நான் என்பது இன்னொரு பக்கம். ஊரெல்லாம் பிளாஸ்டிக்கைத் திட்டிக்கொண்டு திரிந்தவள், அதை மீன் வயிற்றில் வைத்து வீடு வீடாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அண்ணன் கொடுத்த சாக்கு என்று எந்த வாயால் எழுதுவேன்? அவர் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துக் கூடச் சொன்னதில்லை. லாரி வரும்போது அந்தக் கட்டு மட்டும் வரும், மேலே அவர் கையால் போட்ட முடிச்சு இருக்கும். அதனால் கரடிக்குக் கண் இல்லை என்று எழுதினேன். நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்றும் தெரியும்.

அலுவலகத்து அம்மா நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார், "இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காதே, ஏன் சொன்னீர்கள்?" எங்கள் அண்ணி சொல்லச் சொன்னார் என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

பண்ணையில் விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் குஞ்சு வாங்கின எல்லாருக்கும் நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். நேற்று மலையடிவாரத்து ஏரிக்காரரிடம் போனேன், கதவைச் சாத்திக்கொண்டார். மற்ற இடங்களுக்கும் போக வேண்டும்.

உங்கள் மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்தால் போதுமாம், திங்கட்கிழமை வந்து முத்திரையை உடைத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை போய் எழுதிக் கொடுக்கிறேன். கம்பெனிக்காரரிடம் சொல்லுங்கள், கெடு தாண்டாது. நீங்கள் சொன்னதுதான் சரி, உங்கள் வடிகால்மேல் தப்பில்லை. தப்பாகப் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணன் அதை நினைத்துக்கொண்டே இருப்பார். இந்த வருஷம் சாக்கைத் திருப்பி உதறாமல் தீவனத்தைக் கொட்டினது நான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

நாத்தனார்

*

ஜூலை 19

முதலில் போய் மதகை இறக்கு. குளத்துக்குள் வாய்க்கால் தண்ணீர் ஒரு சொட்டு வரக்கூடாது. இறக்கிவிட்டு வந்து மீதியைப் படி. தபாலில் போட்டால் தண்ணீர் முந்திக்கொள்ளும் என்றுதான் மேஸ்திரி கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவனுக்கு ஒரு டீ கொடு, முகம் சரியில்லாமல் இருப்பான், ஏன் என்று கேட்காதே. கீழே எழுதியிருக்கிறேன்.

நேற்று மத்தியானம் இங்கே மழை. இந்த வருஷத்தின் முதல் மழை, கொட்டித் தீர்த்துவிட்டது. நீ வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்கப் போகிறாய், திங்கட்கிழமை கதவு திறக்கப் போகிறது என்ற தெம்பில் நான் குடையை எடுத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். ஓடு ஏதாவது ஒழுகுகிறதா என்று பார்க்கத்தான் போனேன். பின்சுவர்ப் பக்கம் நான் எத்தனையோ வருஷமாகப் போனதில்லை. அங்கே சேறு, முள், குப்பை. உள்ளே இருந்து கத்துவதற்கே எனக்கு நேரம் சரியாக இருக்கும்.

வடிகால் ஓட்டையில் வலை இல்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்தது. சட்டத்தின் கீழ்ப்பாதியில் செடி கொடி ஏறியிருந்தது. அவ்வளவு நாளாக அது அங்கேயே நிற்கிறது. ஓட்டையிலிருந்து வாய்க்கால் வரைக்கும் போகிற பள்ளத்தில் மண்ணே தெரியவில்லை. பச்சை. காய்ந்த காலத்தில் அது அங்கேயே படிந்து கிடந்திருக்கிறது, அதனால்தான் உன் வலையில் விழவில்லை. என் கண் முன்னாலேயே மழைத் தண்ணீர் அதைக் கிளப்பி, உருட்டி, வாய்க்காலுக்குள் கொண்டுபோய்க் கொட்டியது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வந்தான், தலையைக் குனிந்துகொண்டான். "வலைய வெச்சா அடைச்சுக்குதும்மா, தண்ணி தரையில நிக்கும். தண்ணி நின்னா நீங்க கத்துவீங்க. அதான் தூக்கி வெச்சோம்" என்றான். பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் தெரியாது, அவர் தரையைப் பார்ப்பதே இல்லை, நான் தண்ணீர் நிற்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். அலுவலகத்துக்காரர்களை அந்த வலையைப் பார்க்க வரும்படி எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டேன் என்று நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. நீ முதல் கடிதத்தில் எழுதினது முழுக்க உண்மை. சாக்கும் உண்மை, இதுவும் உண்மை.

மேஸ்திரி நல்ல யோசனைதான் சொன்னான். இரண்டு ஆளை விட்டுப் பள்ளத்தை வாரிவிடலாம், வலையைத் தேய்த்து மாட்டிவிடலாம், திங்கட்கிழமை வருகிறவர்கள் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றான். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், திறந்தேன். நீ வாபஸ் வாங்கப் போகிறாய், எவனும் இனிமேல் அந்தச் சுவருக்குப் பின்னால் வரப் போவதில்லை. கம்பெனிக்காரர் வேறு காலையில்தான் போன் செய்து அச்சு தயாராக இருக்கிறதா என்று கேட்டார்.

ஆனால் நேற்று மழையில் போனது போய்விட்டதே. அதை எந்த ஆளை விட்டு வாருவது? இன்றைக்கு உன்னிடம் வரும், உன்னைத் தாண்டினால் எந்தெந்த ஏரிக்கோ போகும். நீ அந்த ஏரிக்காரர் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றாய் என்று படித்தேன் அல்லவா, அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் அண்ணனிடம் கேட்டேன். "ஒனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றார். இந்த மனுஷனோடு ஒழுங்காக ஒரு சண்டை கூடப் போட முடியாது. ஆனால் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் போனார். நான் தடுத்துவிட்டேன், அவர்கள் வந்து பார்க்கும் வரை அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.

புகாரை வாபஸ் வாங்காதே. இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். புகார் சரிதான், வடிகாலில் வலை இல்லை, பட்டறை நடத்துகிறவள் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை போகும்போது அதை உன் புகாருக்குக் கீழே வைத்துக் கொடு. எழுத்து கோணலாக இருக்கும், கண்டுகொள்ளாதே. உன்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, அது பாட்டுக்கு இருக்கிறது.

திங்கட்கிழமை முத்திரை உடைக்கப் போகிறார்கள் என்று நம் ஆட்களுக்கெல்லாம் நானே சொல்லி வைத்திருக்கிறேன். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்கள். அந்தப் பாக்கெட் போடுகிற பெண்ணும் இருப்பாள். இன்னும் கொஞ்ச காலத்துக்குக் கதவு திறக்காது, எழுதிக் கொடுத்தது இந்தத் தடவை நான்தான் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னை வரச் சொல்லவில்லை. வந்தால் என் பக்கத்தில் வந்து நில்.

அண்ணி